இடது பக்கக் கதவு

எங்கள் பிக்கப் வண்டியின் இடது பக்கத்தை நசுக்கியது நான்தான். அதை யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குச் சுலபமாக வருகிற காரியமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

கீழ்பென்னாத்தூரில் என் அண்ணன் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, அன்று சாயங்காலம் எங்கள் வண்டியிலேயே திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் மல்லாட்டை மூட்டைகள். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். திருவண்ணாமலை மண்டியில் அவற்றை இறக்கிவிட்டு அடி அண்ணாமலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். வழியில் ஒரு கன்றுக்குட்டி வலது பக்க ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டார். வேகத்தைக் குறைத்தும் விட்டார். அவர் குறைத்ததை நான்தான் கவனிக்கவில்லை. கன்று ஒரு காலை எடுத்து ரோட்டில் வைத்ததும், அதன் மேல் ஏற்றிவிடப் போகிறார் என்று நினைத்து, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்து என் பக்கமாக இழுத்துவிட்டேன்.

வண்டி மதகுச் சுவரில் உரசிக்கொண்டே போய் நின்றது. என் முழங்கை வீங்கியதைத் தவிர யாருக்கும் ஒன்றுமில்லை. மட்கார்டு உள்ளே போயிருந்தது, நான் சாய்ந்திருந்த கதவு குழிந்திருந்தது, பின்னால் மூட்டை ஏற்றுகிற தொட்டியின் பக்கத் தகடு மடங்கியிருந்தது. கன்றுக்குட்டி திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தப் பக்கம் போய்ப் புல் மேய்ந்தது. அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலு பேர் ஓடி வந்தார்கள். அவர் வாய் திறப்பதற்குள் நான் திறந்தேன்.

"கன்னுக்குட்டி குறுக்க வந்துடுச்சுங்க. அவரு ஒடிச்சாரு, வண்டி செவுத்துல ஒரசிடுச்சு."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சரிந்திருந்த மூட்டைகளை நேராக்கப் போய்விட்டார். சரி, ஒத்துக்கொண்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எனக்கு வசதியான முடிவு.

அன்றைக்கு எப்படியோ மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு, வண்டியை வீட்டுப் பக்கத்துக் காலி இடத்தில் கொண்டுவந்து விட்டார். சாவியை ஆணியில் மாட்டினார். அதற்கப்புறம் எடுக்கவில்லை. முதல் வாரம் இடுப்பு வலி என்றார். அடுத்த வாரம் வேறென்னவோ சொன்னார். மூன்றாவது வாரம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டு, தன் தம்பியின் நிலத்தில் களை வெட்டப் போனார். பதினெட்டு வருடம் வண்டி ஓட்டிய மனிதர். காய்ச்சலோடு லோடு அடித்திருக்கிறார், எங்கள் மகளின் கல்யாணத்துக்கு மறுநாளே லோடு அடித்திருக்கிறார். இப்போது காலையில் நிலத்துக்குக் கிளம்பும்போது வண்டியின் நசுங்கின பக்கம் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டு போனார்.

பயந்துவிட்டார் என்று நினைத்தேன். தினமும் அந்தக் குழியைப் பார்ப்பதால்தான் பயம் போகவில்லை, குழி போனால் பயமும் போய்விடும், மறுபடியும் அந்த சீட்டில் உட்கார்ந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். எப்படியாவது அவரை உட்காரவைத்துவிட வேண்டும். நான் செய்ததும் குழியோடு குழியாக மறைந்துவிடும் என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. அதை மறைத்து எழுத இப்போது மனம் வரவில்லை.

டவுனிலிருந்து ஒரு டிங்கரிங் கடைக்காரரை வரவழைத்தேன். அவர் கதவை விரலால் தட்டினார், குனிந்து அடிப்பக்கத்தைச் சுரண்டினார், எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"மட்கார்டு வேற போட்டுக்கலாம்மா. கதவு இந்த மாடல் இப்ப வர்றதில்ல. கீழ துரு தின்னுடுச்சு. ஒடச்சிப் போடற கடைங்கள்ல தேடிப் பாருங்க. தீபம் முடியட்டும், அப்பறமா எடுத்துக்கினு வாங்க. இப்ப வேல ஜாஸ்தி."

தீபத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை இந்த மனிதர் களை வெட்டிக்கொண்டே இருந்தால் அந்த வேலையே பழகிப்போகும். நானே செய்துவிடுகிறேன் என்று அன்று ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னேன்.

"உனக்கு வேற வேல இல்ல" என்றார். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எனக்குக் கொஞ்சம் வேலை தெரியும். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் சேர்த்து ஏழெட்டு வருடம் பெயிண்டர்களோடு சித்தாளாகப் போயிருக்கிறேன். டவுனில் பல லாட்ஜ்களின் ரூம்களில் சுவருக்குப் பட்டி வைத்து உப்புத்தாள் போட்டது இந்தக் கைதான். சுவருக்கும் பட்டி, வண்டிக்கும் பட்டி, இதில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்ற திமிர் எனக்கு இருந்தது.

வித்தியாசம் மறுநாளே தெரிந்தது. சுவர் அடி வாங்கினால் உதிரும். தகடு நீளும். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றிவிட்டு, குழி எங்கே அதிகமோ அங்கேயே உள்ளிருந்து மரச் சுத்தியலால் ஓங்கித் தட்டினேன். வெளியே தாங்கிப் பிடிக்க மண்டியில் கழித்துப் போட்ட ஐந்து கிலோ எடைக்கல் ஒன்று வைத்திருந்தேன். குழி வெளியே வந்தது. சந்தோஷத்தில் விரலால் அழுத்திப் பார்த்தேன். டொக்கென்று உள்ளே போனது. உள்ளிருந்து அழுத்தினால் டொக்கென்று வெளியே வந்தது. பிஸ்கட் டப்பா மூடியைப் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்து மூடினாலே அந்தச் சத்தம்.

அன்று முழுக்க அந்த டொக்கோடு மல்லுக்கட்டினேன். அவர் நிலத்திலிருந்து வந்து, கை கால் கழுவி, உள்ளே போனார். டொக், டொக். ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

பக்கத்துத் தெருவில் கேட்டும் கிரில்லும் செய்கிற வெல்டிங்காரர் இருக்கிறார். அடிப்பக்கம் துரு தின்ற இடத்தை வெட்டி எடுத்துவிட்டு வேறு தகடு வைக்க அவரைக் கூப்பிட்டிருந்தேன். பழைய பீரோ ஒன்றின் முதுகுத் தகட்டை அளவாக வெட்டி, பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்துக் கொடுத்தார். போகிற போக்கில் என் டொக்கையும் கேட்டார். சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் சூடு காட்டி, ஈரத்துணியை வைத்து ஒற்றினார். இப்படி நாலைந்து தடவை செய்ததும் தகடு சுருங்கி நின்றுவிட்டது.

"நடுவுல அடிக்கக் கூடாதுக்கா. ஓரத்துலயிருந்து சுத்தி சுத்தி உள்ள வரணும். மெதுவா."

மெதுவாக என்ற சொல்லுக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. ஆனாலும் மட்கார்டை அப்படித்தான் எடுத்தேன். ஓரத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு தட்டு, தடவிப் பார்ப்பது, இன்னொரு தட்டு, மறுபடி தடவிப் பார்ப்பது. மேடு எது பள்ளம் எது என்று கண்ணை விடக் கைதான் சரியாகச் சொன்னது. நாலு நாள் ஆனது. தொட்டியின் பக்கத் தகட்டுக்கு இன்னும் மூன்று நாள். தோள்பட்டை இரண்டும் என்னுடையவை இல்லை என்கிற மாதிரி வலித்தன. நிறுத்திவிடலாம் என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை. ஆணியில் தொங்கிய சாவி அடுப்படியிலிருந்து பார்த்தாலும் தெரியும், அதனால் இருக்கலாம்.

நடுவில் ஒரு பௌர்ணமி வந்தது. எங்கள் தெரு முனை கிரிவலப் பாதையில்தான் இருக்கிறது. அத்தனை பேர் நடக்கிற புழுதியில் தகடு கெட்டுவிடும் என்று வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினேன். அப்படியும் ஒரு பக்தர் பாயைத் தூக்கிப் பார்த்து, இதற்கு இவ்வளவு மெனக்கெடுவதற்குப் புது வண்டியே வாங்கிவிடலாமே என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார். வாயில் வந்ததைச் சாமியை நினைத்து விழுங்கினேன்.

பௌர்ணமி கழிந்த வெள்ளிக்கிழமை பட்டி வைக்க நாள் பார்த்தேன். தகட்டைச் சுத்தமாகத் தேய்த்து, துணியால் துடைத்து, வெள்ளையாக மின்னவைத்திருந்தேன். எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியம் ஆரம்பித்தாலும் முதலில் தீப மை வைப்போம். மலையுச்சியில் தீபம் எரிகிற கொப்பரையில் நெய்யும் கரியுமாகச் சேர்கிற மை அது. போன வருடம் வாங்கியது ஒரு சிமிழில் இருந்தது. குழந்தைக்கு முதல் சட்டை போட்டாலும் மைதான், புது மாடு வாங்கினாலும் மைதான். வண்டிக்கு வைக்காமலா? கதவில் ஒரு பெரிய பொட்டு, மட்கார்டில் ஒன்று, தொட்டியில் ஒன்று. வேண்டுதல் கொஞ்சம் பெரிசு என்பதால் மையையும் கொஞ்சம் தாராளமாகவே எடுத்து, நெய் சுற்றிலும் பரவ நன்றாக அழுத்தித் தேய்த்தேன். கற்பூரம் காட்டினேன். அதற்கு மேலே பட்டியைக் குழைத்து வைத்தேன்.

வண்டிப் பட்டியில் சிவப்பாக ஒரு பசை கலப்பார்கள். கலந்த கொஞ்ச நேரத்திலேயே இறுகிவிடும். முதல் உருண்டை கிண்ணத்திலேயே கல்லாகிப் போனது. இரண்டாவது உருண்டையை விரட்டி விரட்டி இழுத்தேன். சுவருக்குப் பட்டி வைத்த கை, பிளேடு சொன்னபடி கேட்டது. பொழுது சாய்வதற்குள் மூன்று இடமும் முடிந்தன. பார்க்க அழகாக இருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

காலையில் உப்புத்தாளோடு போனேன். கதவில் இரண்டு இழுப்பு இழுத்ததும் விளிம்பு தூக்கிக்கொண்டது. விரலை விட்டேன். நன்றாக வெந்த தோசை கல்லிலிருந்து வருவதைப் போலப் பட்டி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் நடுவில் கறுப்பாக என் பொட்டு. மட்கார்டிலும் அப்படியே. தொட்டியிலும் அப்படியே.

பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால் அவர், தோளில் களைக்கொத்தோடு. சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, மடங்கி உட்கார்ந்து சிரித்தார்.

"நெய்யி மேல பட்டி ஒட்டுமா? நீ பெயிண்டர் வேலைக்கிப் போனேன்னு யார்கிட்டயும் சொல்லிக்காத."

"சாமி காரியம்னு வெச்சேன்."

"சாமி இன்னா பண்ணும்? அத நெத்தியில வெக்கச் சொல்லித்தான் குடுக்கறாங்க."

கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வண்டியைப் பற்றி அவர் பேசி ஐந்து வாரம் ஆகியிருந்தது. சிரித்தும் ஐந்து வாரம். இன்னும் நாலு இடத்தில் மை வைத்துப் பட்டியைப் பெயர்க்கலாமா என்றுகூட இருந்தது எனக்கு. துணியைத் தின்னரில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தேன். சாமியின் மையைத் தின்னரால் துடைப்பது மனசுக்கு என்னவோ போல இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு துடைத்தேன். அவர் அதற்கும் சிரித்தார். ஆனால் அன்று நிலத்துக்குப் போகவில்லை. எனக்குப் பட்டி குழைத்துக் கொடுத்தார், கொஞ்சம் கொஞ்சமாக, நான் கேட்கக் கேட்க.

ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பட்டி காய்ந்தது, தேய்த்தேன், பள்ளம் தெரிந்த இடத்தில் மறுபடி வைத்தேன், மறுபடி தேய்த்தேன். பிரைமர் அடித்தோம். பெயிண்ட் வாங்க டவுனுக்குக் கிளம்பும்போது, டீசல் ஊற்றுகிற வாயின் மூடியை அவரே கழற்றிக் கொடுத்தார். வண்டி வெள்ளை பழுத்துப்போன வெள்ளை, கடை வெள்ளை ஒத்துவராது, இந்த மூடியைக் காட்டி அதே மாதிரி கலக்கச் சொல் என்றார்.

கடைக்காரர் பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் மண்டிக்குப் போனேன். எங்கள் வண்டிக்கு வருடக்கணக்கில் லோடு கொடுத்த மல்லாட்டை வியாபாரி அங்கே இருக்கிறார். இந்த வாரம் வண்டி தயாராகிவிடும், லோடு இருந்தால் பழையபடி சொல்லி அனுப்புங்கள் என்று கேட்டேன். அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. அவர் மரியாதையான மனிதர். அதனால்தான் சொல்லத் தயங்கினார்.

"வண்டி ரெடியாவுது, சரிம்மா. ஆனா ஓட்டும்போது தூங்கறவரு வண்டியில லோடு ஏத்த பயமா இருக்குதும்மா. தப்பா நெனைக்காதீங்க."

"யாருங்க தூங்கனது?"

"அவருதாம்மா. பிக்கப் ஸ்டாண்டுல அவரே சொன்னாரு. கண்ணு அசந்துட்டேன், செவுத்துல வுட்டுட்டேன்னு. அதான் யாரும் கூப்டறதில்ல."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். யாரைக் கேட்டு இந்த மனிதர் இப்படிச் சொன்னார்? நான்தான் கன்றுக்குட்டி என்று சொல்லி வைத்திருந்தேனே. பஸ்ஸில் பெயிண்ட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அந்த வரிசை கலைந்துவிட்டது. அவர் வண்டியை எடுக்காதது பயத்தால் இல்லை. லோடுக்கு யாரும் கூப்பிடாததால். இது புரிந்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அழுகையும் வந்தது. பக்கத்து சீட்டுக்காரி கேட்டதற்குத் தின்னர் வாடை என்றேன்.

வீட்டில் அவர் வண்டிக் கண்ணாடியில் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்தார், பெயிண்ட் படாமல் இருக்க.

"தூங்கிட்டேன்னு சொன்னீங்களா?"

கை நின்றது. யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை.

"கன்னுக்குட்டின்னா ஸ்டாண்டுல எவனும் நம்பல. பதினெட்டு வருஷம் ஓட்டனவன் கன்னுக்குட்டிக்கு ஒடிச்சி செவுத்துல வுடுவானான்னு கேட்டானுங்க. அண்ணி கூட இருந்தாங்களே, அவங்க இன்னா பண்ணிக்கினு இருந்தாங்கன்னு ஒருத்தன் ஆரம்பிச்சான். பேச்சு எங்க போவும்னு தெரிஞ்சுது. தூங்கிட்டேன்னு சொன்னேன். வுட்டுட்டானுங்க."

"நான்தாங்க ஸ்டீரிங்க புடிச்சி இழுத்தேன்" என்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும். வண்டியில நானும்தான இருந்தேன்."

அப்படிச் சொல்லிவிட்டு மறுபடி பேப்பர் ஒட்டப் போனார். ஒரு கண்ணாடியை முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே, "எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நெனச்சிட்டியேன்னுதான் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார்.

தட்டித் தட்டி நேராக்க அது தகடா என்ன? மன்னிச்சிடுங்க என்றேன். சரி வுடு, அந்தப் பக்க டேப்பப் புடி என்றார்.

வாடகைக்குக் கொண்டுவந்த கம்ப்ரஸரை வைத்து மறுநாள் காலை பெயிண்ட் அடித்தோம். முதல் கோட்டில் நான் கதவில் ஒழுகவிட்டேன். காயவிட்டு, தண்ணீர் போட்டுத் தேய்த்து, இரண்டாவது கோட்டை அவர் அடித்தார். மூடியைக் கதவோடு வைத்துப் பார்த்தோம். எது பழசு எது புதுசு என்று சொல்ல முடியவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தமான வேலை. அதைப் பார்த்து எனக்கு ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. நான் இழுத்ததன் அடையாளம் இரும்பில் இல்லாமல் போய்விட்டது. அவர் பெயரில் மட்டும் இருந்தது.

வண்டி பளபளவென்று நின்றது. சாவி ஆணியிலேயே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் அவர் களைக்கொத்தை எடுத்ததைப் பார்த்ததும் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

பிக்கப் ஸ்டாண்டு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏழெட்டு டிரைவர்கள் ஒரு வண்டியின் பின்கதவைத் திறந்து போட்டு அதில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் எங்கள் வீட்டு விசேஷங்களில் சாப்பிட்டவர்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

"வாங்க அண்ணி. அண்ணன் எப்டி இருக்காரு?"

ஆட்டோவில் வரும்போது எப்படியெல்லாமோ பேசத் தயார் செய்திருந்தேன். கன்றுக்குட்டியிலிருந்து ஆரம்பித்து, என் பதற்றத்தைச் சொல்லி, கொஞ்சம் நியாயமும் சேர்த்து. அவர்கள் முகத்தைப் பார்த்ததும் நியாயம் எல்லாம் எதற்கு என்று ஆகிவிட்டது.

"அண்ணன் அன்னிக்குத் தூங்கல. நான்தான் பயந்து ஸ்டீரிங்க புடிச்சி இழுத்துட்டேன். என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அவரு தூங்கிட்டேன்னு சொல்லியிருக்காரு. அவரு கன்னுக்குட்டிய முன்னாடியே பாத்து ஸ்லோ பண்ணிட்டாரு. என்னாலதான் செவுத்துல போச்சு."

டீ கிளாஸ் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவர்களில் மூத்தவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

"ரெண்டு கையாலயுமா?"

"ரெண்டு கையாலயும்தான்."

அவ்வளவுதான். ஒருவன் ஆரம்பித்தான், மொத்தக் கூட்டமும் சிரித்தது. இதுக்குத்தான் வூட்டுக்காரம்மாவ முன்னாடி ஏத்தக்கூடாதுன்றது என்றான் ஒருவன். இன்னொருவன் ஸ்டீரிங்கை இழுப்பதுபோல நடித்தே காட்டினான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் ஒவ்வொருவனையும் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு நின்று, அவர்கள் சிரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிரிச்சிக்கங்க. ஆனா அவரு தூங்கனாருன்னு இனிமே யாராவது சொன்னா, இல்லன்னு நீங்கதான் சொல்லணும்."

மூத்தவர் சிரிப்பை நிறுத்தினார். "சொல்றோம் அண்ணி" என்றார். அங்கிருந்து நேராக மண்டிக்குப் போய், வியாபாரியிடமும் அதே வார்த்தைகளைச் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் போன் அடித்தது. சரிங்க, சரிங்க என்றார். வைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கீழ்பென்னாத்தூர்ல லோடாம். இன்னிக்கே."

"போங்க."

"ஸ்டாண்டுக்குப் போயி இன்னா சொன்ன?"

"நடந்தத சொன்னேன்."

என்னை ஒரு தடவை பார்த்தார். மதகுச் சுவரின் பக்கத்தில் பார்த்தாரே, அதே பார்வை. இந்தத் தடவை நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. கையைக் கழுவினார், சாவியை எடுத்தார், வண்டியைக் கிளப்பினார். என்னையும் ஏறச் சொன்னார். நான் வரவில்லை என்றேன். அவர் இறங்கி வந்து இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், நான் ஏறுகிறவரைக்கும்.

அதிலிருந்து ஒரு வருடம் ஆகிறது. லோடுக்குக் குறைச்சல் இல்லை. எனக்குத்தான் ஸ்டாண்டில் ஸ்டீரிங் அண்ணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் வண்டியில் நான் உட்கார்ந்து போவதைப் பார்த்தால், எதிரில் வருகிறவன் ஹாரன் அடித்து, இரண்டு கையையும் இழுப்பதுபோலக் காட்டிவிட்டுத்தான் போவான். அண்ணன் மகனுக்கு ஜாதகம் பார்க்கப் போன இடத்தில்கூட ஒரு அம்மாள் அந்தப் பெயரைச் சொல்லி, நீங்கதானா அது என்று கேட்டாள்.

போன வாரம் டவுனில் சிக்னலில் நிற்கும்போது ஒரு சின்ன டிரைவர் எங்கள் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, "இன்னா ஸ்டீரிங் அண்ணி, இன்னிக்கி அண்ணன ஓட்ட வுடுறீங்களா?" என்றான். அவன் இடது பக்கம் திரும்பிப் போனதும் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

"போதும். இன்னிக்கி ஸ்டாண்டுல இவனுங்கள கேக்கறேன் இரு. ஒரு வருஷமா இதே."

"ஒண்ணும் கேக்க வேணாம்."

"உனக்கு ஒரு மாதிரியா இல்ல?"

"இருக்குது. ஆனா அவங்க அப்டி கூப்டற வரைக்கும் நீங்க தூங்கலன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அப்புறம்தான் வண்டியை எடுத்தார்.